கார்டை முறுக்குறதுக்கு முன்னாடி: ஓவர்கிளாக் பத்தி உங்க கேள்விகள்

போன இதழ்ல கிராபிக்ஸ் கார்டு ஓவர்கிளாக் பத்தி, அதாவது கார்டைக் கம்பெனி வெச்ச ஸ்பீடுக்கு மேல ஓட்டுறதைப் பத்தி, நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகளைப் பாத்தா பாதிப் பேருக்கு மேல கேட்டிருக்குறது ஒரே விஷயம்தான்: "எவ்ளோ வைக்கணும், நம்பர் மட்டும் சொல்லுங்க சார்." அந்த நம்பரை என்னால சொல்ல முடியாதுங்க, யாராலயும் முடியாது. உங்க கார்டோட நம்பர் உங்க கார்டுகிட்டதான் இருக்கு. அதை எப்படிக் கேட்டு வாங்குறது, அது சொல்ற பதிலை எந்த அளவுக்கு நம்பலாம், இதுதான் இந்தத் தடவை பக்கம் முழுக்க.

கேள்வி: என் ஃப்ரெண்டும் நானும் ஒரே மாடல் கார்டு வாங்கினோம். அவன் கோர் பிளஸ் 150, மெமரி பிளஸ் 1000 வெச்சு ஜாலியா ஓட்டுறான். நான் அதையே வெச்சா கேம் லோட் ஆகுறதுக்குள்ள கிராஷ் ஆகுது. என் கார்டு டிஃபெக்ட் பீஸா? (முதல் வருஷ இன்ஜினியரிங் மாணவர்)

டிஃபெக்ட் எல்லாம் இல்ல தம்பி, பயப்படாதீங்க. ஒரே வேஃபர்ல (சிப்புங்களைச் செய்யுற சிலிக்கான் தட்டு) இருந்து வெட்டி எடுத்த ரெண்டு சிப்பே ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது, ஒண்ணு கம்மி வோல்டேஜ்லயே ஜம்முனு ஓடும், இன்னொண்ணுக்கு அதே ஸ்பீடு வரணும்னா கொஞ்சம் கூடுதலா வேணும். கம்பெனி உறுதி குடுக்குறது பெட்டியில போட்டிருக்குற ஸ்பீடுக்கு மட்டும்தான், அதுக்கு மேல கிடைக்கிறதெல்லாம் அந்தந்த சிப்போட ஜாதகம்.

கோர்ங்கிறது கணக்குப் போடுற முக்கிய சிப்பு, மெமரிங்கிறது அதுக்கான டேட்டா இருக்குற இடம். அப்புறம் பிளஸ் 150ங்கிறது ஒரு ஸ்பீடே கிடையாது, ஏற்கெனவே இருக்குறதுக்கு மேல எவ்ளோங்கிற கணக்கு. உங்க கார்டு பேக்டரியிலயே கொஞ்சம் ஏத்தி வந்த வகையா இருந்தா, உங்க ஃப்ரெண்டோடது 1900 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 150 ஏறும், உங்களோடது 1980ல இருந்து 150 ஏறும், போய்ச் சேர்ற இடம் வேற வேற. ஒப்பிடணும்னா கேம் ஓடும்போது திரையில தெரியுற நிஜமான கிளாக்கை (சிப்பு ஓடுற ஸ்பீடு, மெகாஹெர்ட்ஸ்ல) வெச்சு ஒப்பிடுங்க, ஸ்லைடர் நம்பரை வெச்சு இல்ல.

கேள்வி: ஆஃப்டர்பர்னர் (ஓவர்கிளாக் பண்ற புரோகிராம்) போட்டாச்சு. எதை முதல்ல தொடணும், எதைத் தொடவே கூடாது? (பேர் போடாத வாசகர்)

முதல்ல எதையும் தொடாதீங்க. இதைச் சொன்னா நிறையப் பேருக்குப் பொறுமை போயிடும், ஆனா நான் பாத்த வரைக்கும் பாதிக் குழப்பம் இங்கதான் ஆரம்பிக்குது. கார்டு வாங்கினபடியே இருக்கும்போது ஒரு பெஞ்ச்மார்க்கை (கார்டோட வேகத்தை அளந்து ஸ்கோர் குடுக்குற புரோகிராம்) மூணு தடவை ஓட்டுங்க, டைம் ஸ்பை, சூப்பர்பொசிஷன், எது கையில இருக்கோ அது. ஸ்கோர், கிளாக், டெம்பரேச்சர், ஹாட் ஸ்பாட் (சிப்புல ரொம்பச் சூடான இடம்), ஃபேன் ஸ்பீடு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. மூணு தடவைக்கும் நடுவுல ஸ்கோர் எவ்ளோ ஆடுதுன்னு தெரிஞ்சாதான் பின்னாடி "ஏறிடுச்சு"ன்னு நீங்க சொல்றது நிஜமாவே ஏறினதா இல்ல சும்மா ஆடுனதான்னு பிரிச்சுப் பாக்க முடியும். ஸ்டாக்லயே (எதையும் மாத்தாம, வாங்கினபடியே) ஹாட் ஸ்பாட் மத்த டெம்பரேச்சரை விட 25, 30 டிகிரி தள்ளி இருந்துச்சுன்னா ஓவர்கிளாக் பேச்சையே எடுக்காதீங்க, தெர்மல் பேஸ்ட்டோ கூலர் உக்காந்திருக்குற விதமோ சரியில்லைன்னு அர்த்தம், முதல்ல அதைப் பாருங்க.

அடுத்து பவர் லிமிட்டை முழுசா ஏத்தி விடுங்க. இது கார்டுக்கு வோல்டேஜைத் திணிக்கிற வேலை இல்ல, "தேவைப்பட்டா இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோ"ன்னு அனுமதி குடுக்குறது, அவ்ளோதான். ஃபேன் கர்வையும் (எவ்ளோ சூட்டுக்கு ஃபேன் எவ்ளோ வேகமா சுத்தணும்ங்கிற கோடு) கொஞ்சம் தூக்கி வைங்க, சத்தத்தை எல்லாம் கடைசியில பாத்துக்கலாம். வோல்டேஜ் ஸ்லைடர்ல கை வைக்க வேண்டாம், அதுல கிடைக்கிற லாபத்தை விட ஏறுற சூடு ஜாஸ்தி.

இப்ப கோர். 30, 30ஆ ஏத்துங்க, ஒவ்வொரு தடவையும் பெஞ்ச்மார்க்கை ஒரு சுத்து விடுங்க, கிராஷ் ஆனதும் ரெண்டு மூணு படி கீழ வந்துடுங்க, கடைசிக் கட்டத்துல 15, 15ஆ தேடுனாப் போதும். என்விடியா கார்டுங்க கிளாக்கை ஏத்தி இறக்குறதே ஏறக்குறைய 15 மெகாஹெர்ட்ஸ் படியாத்தான், அதனால பிளஸ் 107, பிளஸ் 112ன்னு நுணுக்கமா தேடிப் பிரயோஜனம் இல்ல. கோருக்கு ஒரு இடம் கிடைச்சதும் அதைக் குறிச்சுட்டு மறுபடி சைபருக்குக் கொண்டு வாங்க, அப்புறம் மெமரியை மட்டும் 100, 100ஆ ஏத்துங்க. ரெண்டையும் ஒண்ணா ஏத்தவே கூடாது, கிராஷ் ஆச்சுன்னா குத்தவாளி யாருன்னு கண்டுபிடிக்க முடியாது. தனித்தனியா முடிச்சுட்டு சேத்து வெச்சுப் பாக்கும்போது ரெண்டுமே கொஞ்சம் இறங்க வேண்டி வரலாம், ஏன்னா பவர் ரெண்டுக்கும் ஒரே பட்ஜெட்ல இருந்துதான் போகுது.

விண்டோஸ் ஆன் ஆகும்போதே செட்டிங்கை அப்ளை பண்ற அந்த ஆப்ஷன் இருக்கு பாருங்க, அதை ஒரு வாரத்துக்குத் தொடாதீங்க.

கேள்வி: ஃபர்மார்க் (கார்டுக்குக் கடுமையா வேலை குடுக்குற டெஸ்ட் புரோகிராம்) ஒரு மணி நேரம் ஓட்டினேன் சார், ஒரு பிரச்சனையும் இல்ல. ஆனா கேம் போட்டா பத்து நிமிஷத்துல டெஸ்க்டாப்புக்குத் தூக்கி வெளிய போடுது. கேம்ல ஏதாவது பிழையா, இல்ல ஃபர்மார்க் பொய் சொல்லுதா? (வேலைக்குப் போற ஒரு வாசகர்)

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். ஃபர்மார்க் பொய் சொல்லல, நீங்க கேட்டது வேற கேள்வி, அது பதில் சொன்னது வேற கேள்விக்கு.

அடுத்த தடவை ஃபர்மார்க் ஓடும்போது அந்த ரோமம் மொளைச்ச வளையத்தைப் பாக்காதீங்க, ஓரத்துல கிளாக் நம்பரைப் பாருங்க. கேம்ல 2000 கிட்ட ஓடுற கார்டு அங்க 1500, 1600ன்னு தவழ்ந்துட்டு இருக்கும். ஏன்னா அந்த லோடு ரொம்பப் பேய்த்தனமான லோடு, கார்டு எடுத்த எடுப்புல பவர் லிமிட்ல போய் இடிச்சுக்கும், இடிச்சதும் கிளாக்கையும் வோல்டேஜையும் கீழ இறக்கிடும். நீங்க ஏத்தி வெச்ச அந்த 2000 மெகாஹெர்ட்ஸ் ஒரு செகண்டு கூட அந்த ஒரு மணி நேரத்துல ஓடவே இல்ல. ஓடாத ஸ்பீடை எப்படி டெஸ்ட் பண்ணினதா ஆகும்? கூலர் தாங்குதா, பவர் சப்ளை தாங்குதான்னு பாக்க அது உதவும், அந்தக் கிளாக்ல சிப்பு நிக்குதான்னு அதால சொல்ல முடியாது.

இப்பத்த கார்டுக்கு ஒரே ஒரு ஸ்பீடு கிடையாது, வோல்டேஜுக்கு ஒரு ஸ்பீடுன்னு நீளமா ஒரு கோடே இருக்கு, நீங்க பிளஸ் 150 போட்டா அந்தக் கோடு மொத்தமா மேல தூக்கப்படுது. கனமான லோடுல கார்டு கோட்டோட நடுவுல நிக்கும், லேசான லோடுல உச்சிக்குப் போயிடும். அதனாலதான் கிராபிக்ஸ் எல்லாத்தையும் உச்சத்துல வெச்சு ஆடும்போது நல்லா இருந்த கார்டு, பழைய கேம் ஒண்ணைப் போட்டதும் விழுது. கார்டு குளிர்ந்து இருக்கும்போதும் இதேதான், சூடு ஏற ஏற அதுவாவே சில டிகிரிக்கு ஒரு படி கிளாக்கை இறக்கிக்கும், அப்படின்னா ரொம்ப நேரம் சும்மா இருந்துட்டு கேமைப் போட்ட முதல் நிமிஷத்துலதான் கிளாக் உச்சத்துல இருக்கும். என்னோட பழைய கார்டுல நானே இதுல மாட்டியிருக்கேன், ராத்திரி முழுக்க லூப்ல ஓடி பாஸ் ஆன செட்டிங், காலையில கேமைத் தொறந்து லோடிங் ஸ்கிரீன் தாண்டுறதுக்குள்ள போச்சு, திரும்பப் போட்டா ஓடுது, மறுநாள் காலையில மறுபடி போச்சு. மூணு நாள் டிரைவரைத் திட்டிட்டு இருந்தேன், அப்புறம்தான் அந்த முதல் நிமிஷத்து கிளாக்கைக் கவனிச்சேன், டெஸ்ட்ல 1965ல ஓடினது குளிர்ல 2010 போயிட்டு இருந்துச்சு.

அதனால டெஸ்ட்டைப் பல விதமா பண்ணணும். 3டிமார்க்ல டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட் இருக்கு, அதே காட்சியை 20 தடவை ஓட்டும், பிரேம் ரேட் 97 சதவீதத்துக்கு மேல சீரா இருந்தா பாஸ்னு சொல்லும். அது ஒரு வகை லோடு. ரே டிரேசிங் (வெளிச்சம் போற வழியைக் கணக்குப் போட்டு வரையுற முறை) வெச்சு ஆடுறவங்க போர்ட் ராயல் மாதிரி ரே டிரேசிங் டெஸ்ட்டையும் கண்டிப்பா ஓட்டணும், அதுக்கு சிப்புல வேற பாகம் வேலை செய்யுது, சாதா கேம்ல மணிக்கணக்கா நின்ன கிளாக் அங்க ரெண்டு நிமிஷம் தாங்காம போறதை அடிக்கடி பாக்கலாம். ஓசிசிடிங்கிற டெஸ்ட் புரோகிராம்ல லோடை ஏத்தி ஏத்தி இறக்குற ஒரு டெஸ்ட் இருக்கு, பிழையையும் எண்ணிக் காட்டும், நிதானமா ஓடுற டெஸ்ட்ல மாட்டாததெல்லாம் அந்த ஏத்த இறக்கத்துல மாட்டும். இதெல்லாம் முடிச்சுட்டு நீங்க நிஜமா ஆடுற கேமை ஒரு வாரம் ஆடுங்க, நடுவுல மெனுவுக்குப் போங்க, வெளிய வந்து உள்ள போங்க, பிரேம் லிமிட் வெச்சும் வெக்காமலும் ஆடுங்க.

கேள்வி: மெமரியை பிளஸ் 1200 வரைக்கும் ஏத்திட்டேன், கிராஷே ஆகல! இன்னும் ஏத்தலாமா? (பள்ளி மாணவர்)

ஏத்துறதுக்கு முன்னாடி ஸ்கோரைப் பாத்தீங்களா? உங்க கார்டுல ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி இருக்குன்னு எழுதியிருக்கீங்க, 2020ல ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கூட வந்த வகை அது. அதுல டேட்டா போற வழியில பிழை வந்தா கண்டுபிடிச்சு, அதே டேட்டாவை மறுபடி அனுப்பி வாங்கிக்குற ஏற்பாடு இருக்கு. அதனால வரம்பு தாண்டினாலும் உடனே கிராஷ் ஆகாது, திரையில புள்ளி கூட வராது, ஆனா ஒரே டேட்டாவை ரெண்டு தடவை மூணு தடவை அனுப்பிட்டு இருக்குறதால வேகம் உள்ளுக்குள்ள குறைஞ்சுட்டே வரும். கடைக்குப் போயிட்டு சில்லறையை மறந்து திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி, ஓட்டம் வேகம்தான், வேலை முடியாது.

அதனால மெமரிக்கு "கிராஷ் ஆகுதா"ன்னு கேக்கக் கூடாது, "ஸ்கோர் இன்னும் ஏறுதா"ன்னு கேக்கணும். 100 ஏத்துறப்பல்லாம் ஒரு பெஞ்ச்மார்க், எழுதி வைங்க, ஏறிட்டே வந்த ஸ்கோர் ஒரு இடத்துல நின்னு, அடுத்த படியில இறங்கும் பாருங்க, அங்க இருந்து 200 கீழ வந்து நிறுத்திக்கோங்க. மெமரி டெம்பரேச்சரையும் பாருங்க, எச்டபிள்யூஇன்ஃபோங்கிற கண்காணிப்பு புரோகிராம்ல தனியா காட்டும். ஜிடிடிஆர்6எக்ஸ் 110 டிகிரி கிட்ட போனா கார்டே வேகத்தைக் குறைச்சுடும், 3090ல சில மெமரி சிப்பு பின் பக்கத்துல இருக்குறதால அங்க காத்து போறதும் கஷ்டம். மெமரியை மட்டும் தனியா சோதிக்க மெம்டெஸ்ட் வல்கன்னு ஒரு சின்ன இலவச புரோகிராம் இருக்கு, ஒரு பிழை காட்டினாலும் இறங்கிடுங்க.

கேள்வி: திரையில கோளாறு வந்தா அது கோரா மெமரியா, எப்படிப் பிரிக்கிறது? (அதே மாணவரோட அண்ணன்)

நூத்துக்கு நூறு சொல்ற விதி கிடையாது, ஆனா கண்ணுக்குப் பழகிடும். மெமரி தப்பினா பெரும்பாலும் கட்டம் கட்டமா கலர் சதுரம், செஸ் போர்டு மாதிரி, இல்லேன்னா இருட்டான சுவர் மேல ஊசி முனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி மினுக்குனு வந்து அடுத்த பிரேம்ல காணாமப் போயிடும். அந்த ஒரே ஒரு புள்ளியை "சும்மா கண்ணுதான்"னு விட்டுடாதீங்க, இருட்டுக் காட்சியை உத்துப் பாருங்க, வெளிச்சக் காட்சியில அது தெரியவே தெரியாது. கோர் தப்பினா உருவங்க கூம்பு மாதிரி இழுபடும், திரை வெட்டி வெட்டி அடிக்கும், பல நேரம் எந்த அறிகுறியும் இல்லாம நேரா கிராஷ்தான்.

திரை ஒரு நொடி கருப்பாகி திரும்ப வந்துச்சுன்னா விண்டோஸ் டிரைவரை ரீசெட் பண்ணிருக்குன்னு அர்த்தம், கார்டு 2 செகண்டுக்கு மேல பதில் சொல்லலைன்னா அது அப்படித்தான் பண்ணும். ஈவன்ட் வியூவர்ல (விண்டோஸ் நடந்ததை எல்லாம் பதிவு பண்ணி வைக்கிற இடம்) 4101ங்கிற எண்ணோட ஒரு பதிவு இருக்கும். கேம் தானா குளோஸ் ஆச்சுன்னு நினைச்சுட்டு இருப்பீங்க, அங்க போய்ப் பாத்தா வரிசையா நாலு பதிவு கிடக்கும். அப்படி ஒரு ரீசெட் ஆனதும் கம்ப்யூட்டரை முழுசா ரீஸ்டார்ட் பண்ணிட்டுத்தான் அடுத்த டெஸ்ட், அரைகுறையா எழுந்து நிக்குற டிரைவரை வெச்சு எடுத்த ரிசல்ட்டுக்கு மதிப்பே இல்ல.

கேள்வி: நான் 3டி அனிமேஷன் ரெண்டர் எடுக்குற வேலை பண்றேன். டெட்லைன் நெருக்குது, ஓவர்கிளாக் பண்ணா ரெண்டர் சீக்கிரம் முடியுமா? (ஒரு வாசகி)

வேண்டாங்க. மனசார சொல்றேன், வேலைக்கு ஓடுற மெஷின்ல வேண்டாம். கேம்ல ஒரு பிரேம் தப்பா வந்தா அடுத்த பிரேம் வந்து அதை மூடிடும், ரெண்டர்ல அந்த ஒரு பிரேம்தான் நீங்க கிளையன்ட்டுக்குக் குடுக்கப் போற பொருள். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ராத்திரி ரெண்டருக்கு விட்டுட்டுத் தூங்கிட்டார், காலையில எல்லா ஃபைலும் இருக்கு, கிராஷ் இல்ல, எரர் மெசேஜ் இல்ல, ஓட்டிப் பாத்தா நடுநடுவுல சில பிரேம்ல மட்டும் முகத்து மேல பச்சைப் பொட்டு. எது நல்லது எது கெட்டதுன்னு ஒவ்வொரு பிரேமா உக்காந்து பாக்க அவருக்கு ஆன நேரம், ஓவர்கிளாக்ல மிச்சமான நேரத்தை விடப் பல மடங்கு.

உங்களுக்கு நான் சொல்ற வழி அண்டர்வோல்ட். அதே ஸ்பீடு, இல்ல ஒரு கை கம்மி ஸ்பீடு, ஆனா கம்மி வோல்டேஜ்ல. சிப்பு எடுக்குற பவர் வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும், 1.05 வோல்ட்ல ஓடுற அதே கிளாக்கை 0.95ல ஓட வெச்சா அந்தக் கணக்குப்படி சிப்போட பவர்ல கிட்டத்தட்ட 18 சதவீதம் குறையும். சூடு குறையும், ஃபேன் சத்தம் குறையும், பவர் லிமிட்ல இடிக்காததால நீள ரெண்டர்ல கிளாக்கும் ஆடாம நிக்கும். ஆஃப்டர்பர்னர்ல கண்ட்ரோல், எஃப் ரெண்டையும் சேத்து அழுத்தினா அந்தக் கோடு தொறக்கும், நீங்க விரும்புற வோல்டேஜ் புள்ளியை விரும்புற கிளாக்குக்குத் தூக்கிட்டு அதுக்கு வலது பக்கம் எல்லாத்தையும் சமமா தட்டிடணும். இதுவும் பயமா இருந்தா பவர் லிமிட்டை மட்டும் 80 சதவீதத்துக்கு இறக்குங்க, வேகம் கொஞ்சம்தான் குறையும், ஸ்டேபிலிட்டி பத்தின கவலை சுத்தமா இல்ல, ஏன்னா கம்பெனி குடுத்த கோட்டுலயேதான் ஓடுது. அண்டர்வோல்ட்டுக்கு அப்படி இல்ல, அதையும் ஓவர்கிளாக் மாதிரியே முழுசா டெஸ்ட் பண்ணணும், கம்மி வோல்டேஜ்னதும் ஆபத்தே இல்லைன்னு நினைக்கிறது தப்பு.

கேள்வி: கார்டு எரிஞ்சு போகுமா? வாரண்டி போயிடுமா? (பல பேர்)

கோர், மெமரி ஸ்லைடரை மட்டும் நகத்தினா எரியுறது ரொம்ப அபூர்வம், இப்பத்த கார்டுங்க சூடு ஏறினா தானே இறங்கும், வோல்டேஜுக்கும் பூட்டு இருக்கு. ஆபத்து அந்தப் பூட்டை உடைக்கிற இடத்துலதான், வேற கார்டோட பயாஸை (கார்டுக்குள்ளயே இருக்குற அடிப்படை புரோகிராம்) ஏத்துறது, சால்டரிங் அயர்ன் எடுக்குறது, இதெல்லாம் வேண்டாம். வாரண்டி கம்பெனிக்குக் கம்பெனி வேற, உங்க கார்டோட வாரண்டி பேப்பர்ல ஓவர்கிளாக் பத்தி என்ன போட்டிருக்குன்னு படிச்சுட்டு ஆரம்பிங்க.

கார்டை விட நான் பயப்படுறது கேபிளுக்கு. மதர்போர்டு ஸ்லாட் தர்றது 75 வாட்ஸ், 6 பின் 75, 8 பின் 150. ரெண்டு 8 பின் கார்டுக்கு ஒரே கேபிள்ல தொங்குற ரெண்டு முனையைச் செருகாம, பவர் சப்ளையில இருந்து தனித்தனி கேபிள் இழுங்க. புது 16 பின் கனெக்டரா இருந்தா கடைசி வரைக்கும் உள்ள போயிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, 2022ல ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதுசுல அந்தக் கனெக்டர் உருகின விஷயத்துல முழுசா செருகாததும் ஒரு காரணமா வெளிய வந்துச்சு. லோடு ஏறினதும் மொத்த கம்ப்யூட்டரும் பட்டுனு ஆஃப் ஆச்சுன்னா கிளாக்கைச் சந்தேகப்படாதீங்க, பவர் சப்ளையைப் பாருங்க.

கேள்வி: லேப்டாப்ல பண்ணலாமா? (கல்லூரி மாணவி)

கோர்ல கொஞ்சம் ஏத்த விடும், ஆனா பவர் லிமிட் பூட்டியிருக்கும், கூலரும் ஏற்கெனவே மூச்சு வாங்கிட்டு இருக்கும். அண்டர்வோல்ட் பண்ணுங்க, லேப்டாப்ல அதுதான் நிஜமான லாபம்.

கேள்வி: இவ்ளோ பாடுபட்டு எனக்குக் கிடைச்சது 4 பிரேம். அந்தக் காலத்துல 50 சதவீதம் எல்லாம் ஏத்தினாங்கன்னு அப்பா சொல்றார், நிஜமா? (பிளஸ் டூ மாணவர்)

அப்பா சொல்றது நிஜம்தான், 1998ல வந்த செலரான் 300ஏ பிராசசரை 450 மெகாஹெர்ட்ஸ்ல ஓட்டினவங்க ஏராளம், பஸ் ஸ்பீடை (பிராசசர் கிளாக்குக்கு அடிப்படையான ஸ்பீடு) 66ல இருந்து 100க்கு மாத்தினாப் போதும். அப்பல்லாம் சிப்புல இருந்த மிச்சத்தைக் கம்பெனி தொடாம விட்டுடும். கிராபிக்ஸ் கார்டுல அந்த நிலைமை மாறினது 2012ல, ஜிடிஎக்ஸ் 680ல என்விடியா ஜிபியு பூஸ்ட்டைக் கொண்டு வந்தப்ப. சூடும் பவரும் இடம் குடுத்தா கார்டே தன்னை ஏத்திக்கும். நீங்க கைவைக்கிறதுக்கு முன்னாடியே பாதிக்கு மேல அது எடுத்துடுது, உங்களுக்கு மிஞ்சுறது அந்தக் கடைசிக் கரண்டிதான். 60 ஓடுற இடத்துல 64 வந்திருக்குன்னா நீங்க நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க.

கேள்வி: ஸ்டார்ட்அப்ல அப்ளை ஆகுற மாதிரி வெச்சுட்டேன், இப்ப விண்டோஸ் வந்ததும் திரை கருப்பாயிடுது. ஃபார்மட்தான் வழியா? (அவசரமா எழுதின வாசகர்)

ஃபார்மட் வேண்டாம். பிராசசர்லயே டிஸ்பிளே வசதி இருந்தா மானிட்டர் கேபிளை மதர்போர்டுல மாத்திச் செருகிப் பாருங்க, படம் வந்துச்சுன்னா நேரா ஆஃப்டர்பர்னர்ல ரீசெட் பண்ணிடலாம். வரலைன்னா விண்டோஸ் ஆன் ஆகிட்டு இருக்கும்போதே பவர் பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணுங்க, இப்படி ரெண்டு மூணு தடவை பண்ணா அது தானா ரிப்பேர் ஸ்கிரீனுக்குப் போகும், அங்க இருந்து சேஃப் மோடு (அத்தியாவசியமானது மட்டும் ஓடுற விண்டோஸ்). சேஃப் மோடுல ஓவர்கிளாக் செட்டிங் அப்ளை ஆகாது. ஆஃப்டர்பர்னர் இருக்குற ஃபோல்டர்ல புரொஃபைல்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள இருக்குற உங்க கார்டோட ஃபைலை அழிச்சுட்டு சாதாரணமா ரீஸ்டார்ட் பண்ணுங்க, கார்டு வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி எழுந்து வரும். வந்ததும் எந்த நம்பர்ல விழுந்துச்சுன்னு அந்த நோட்டுல எழுதிடுங்க.